கறுப்பு அடைப்பை எடுத்துவிடலாமா?

பல் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

உலோகம் வைத்து அடைத்த பல்லிலிருந்து புகை கிளம்புவதுபோல் ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் ஏராளம். அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க உலோக அடைப்புக்கே. ஈறு, வாய் நாற்றம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்கவும்.

டாக்டர் அம்மா, எனக்கு வயது 54. இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கல்யாணமான புதிதில் கடைவாயில் நான்கு பற்களை வெள்ளி வைத்து அடைத்தார்கள். கறுத்துப்போனதைத் தவிர இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அது பாதரசம், மூளையைத் தின்றுவிடும் என்று மகன் வீடியோ காட்டினான். எனக்கும் ஒரு வருடமாக ராத்திரியில் கை மரத்துப்போகிறது, மறதி வேறு. பக்கத்து ஊர் கிளினிக்கில் நான்கையும் எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு வைக்க மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

வேண்டாம். தொந்தரவில்லாத நான்கு பற்களில் கைவைக்க விடாதீர்கள்.

வீடியோ முழுப் பொய்யும் இல்லை. பாதரச ஆவி புற ஊதா ஒளியை மறிக்கும். அந்த ஒளிக்கு முன்னால் பல்லைப் பிடித்தால் பின்னால் உள்ள திரையில் நிழல் புகைபோல ஆடும். ஆனால் நிழல் விழ மிகச் சிறிய அளவு ஆவியே போதும். எவ்வளவு ஆவி என்பதை வீடியோ சொல்லாது. வீடியோ எடுப்பதற்கு முன் பல்லைத் தேய்த்தார்களா, சுடவைத்தார்களா என்பதும் தெரியாது.

உங்கள் வாயில் இருப்பதன் பெயர் அமால்கம். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. தூளோடு பாதரசத்தைச் சேர்த்துக் குலுக்கியதும் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு பல்லுக்குள் தெர்மாமீட்டரில் ஓடுவது மாதிரியான திரவம் இருக்காது. இருந்தாலும் மெல்லும்போதும், பல் துலக்கும்போதும், கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கும்போதும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்போதும் கொஞ்சம் ஆவி வெளியேறும். ஒரு நாளைக்குச் சில மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் சில பங்கு. மூச்சோடு உள்ளே போவதில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் எடுத்துக்கொள்ளும். எனவே ‘துளிகூட வெளியே வராது’ என்று எங்கள் தொழிலில் பலர் வெகுகாலம் சாதித்தார்களே, அதுவும் தப்பு.

அந்த அளவு கெடுதல் செய்கிறதா என்பதுதான் கேள்வி. இதைப் பார்க்க இரண்டு பெரிய ஆய்வுகள் குழந்தைகளை வைத்தே நடந்தன. போர்ச்சுகலின் லிஸ்பனில் 507 பேர், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 பேர். பாதிப் பேருக்கு அமால்கம், பாதிப் பேருக்கு வெள்ளை அடைப்பு. லிஸ்பனில் ஏழு வருடமும் அமெரிக்காவில் ஐந்து வருடமும் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 2006இல் வந்தன. அமால்கம் வைத்தவர்களின் சிறுநீரில் பாதரசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் ஞாபகசக்தி, கவனம், புத்திக்கூர்மைச் சோதனைகளில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் ஒரு அறிவுரை தந்தது. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் (முக்கியமாக ஆறு வயதுக்குக் கீழ்), நரம்பு நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், பாதரசம் ஒவ்வாதவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. அதே அறிவுரையில், நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் போஸ்டர் அடித்து ஒட்டும் கிளினிக்குகள் இரண்டாம் பாதியை ஏன் விட்டுவிடுகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எடுப்பதில் என்ன கெடுதல்? பர் என்ற சுழலும் குடைமுனையால் அமால்கத்தைக் குடையும்போது சூடேறி, தூளும் ஆவியுமாகப் பறக்கும். சும்மா கிடக்கும் நாளைவிட அந்த அரைமணி நேரத்தில்தான் அதிகம் கிளம்பும். அதோடு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். குழி பெரிதாகும், நரம்பு பக்கத்தில் வரும். இன்று நான்கு வெள்ளை அடைப்பு, நாளைக்கு அதில் ஒன்று ரூட் கேனால், அதற்கு மேல் ஒரு கேப் என்று செலவு வளர்ந்ததை என் கும்பகோணம் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கை. மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலிலா? ராத்திரியில் எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? அப்படியானால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். மாவு அள்ளி, பாத்திரம் தூக்கி வேலை செய்பவர்களுக்கு அது சகஜம். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பாருங்கள். பி12 குறைந்தால் மரத்துப்போதலும் மறதியும் சேர்ந்தே வரும், மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்யலாம். பல்மேல் பழியைப் போட்டுவிட்டு இவற்றைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பயம்.

மனசு ஆறவில்லையென்றால் சிறுநீரில் பாதரசம் பார்க்கச் சொல்லுங்கள். முடியை வெட்டி அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். முடி காட்டுவது பெரும்பாலும் மீனிலிருந்து வரும் பாதரசத்தை. மாத்திரை கொடுத்து, அது உடம்பிலிருந்து பாதரசத்தை இழுத்து வந்த பிறகு சிறுநீரை அளந்து ‘பாருங்கள், எவ்வளவு அதிகம்’ என்று காட்டும் இடங்களும் உண்டு. அந்த எண்ணை ஒப்பிட ஒழுங்கான அளவுகோல் கிடையாது.

இன்னொன்று. முகம் வெளுக்க ஏதாவது கிரீம் பூசுகிறீர்களா? சிரிக்காதீர்கள். 2023இல் கேரளத்து மலப்புரம் பக்கம் சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதற்குப் பாதரசம் கலந்த கிரீம்கள்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். பல்லில் இருப்பது கெட்டிப்பட்ட கலவை. கிரீமில் இருப்பது தினமும் தோலில் தேய்க்கும் உப்பு.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பழைய உலோக அடைப்பு ஒன்று இருக்கிறது. இப்போது இன்னொரு பல்லில் சொத்தை, இனிப்பு பட்டால் கூசுகிறது. பிரசவம் முடியும்வரை எதையும் தொடாதே என்கிறார் மாமியார்.
– வாசகி, கரூர்

பழையதைத் தொட வேண்டாம் என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. புதுச் சொத்தையைத் தள்ளிப்போடுவது சரியில்லை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை பல் வேலைக்குத் தோதான காலம். அதற்குப் பிறகு மல்லாந்து சாய்ந்திருக்கவே உங்களுக்குக் கஷ்டமாகிவிடும். மரத்துப்போகும் ஊசி போடலாம், பயமில்லை.

அமால்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டாலும் இப்போது பெரும்பாலோர் வைக்க மாட்டார்கள். கிளாஸ் அயனோமர் என்ற பல் நிறச் சிமெண்ட் போதும். பல்லோடு ஒட்டும், ஃபுளோரைடும் கொஞ்சம் கசியவிடும். பாலூட்டி முடித்த பிறகு, தேவைப்பட்டால் அதைவிடக் கெட்டியானதாக மாற்றிக்கொள்ளலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு, சீழ் பிடித்து, எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும்.

சாக்லேட்டோடு ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதத்தைத் தெரியாமல் கடித்தேன். கடைவாயில் ‘சுரீர்’ என்று கரண்ட் அடித்த மாதிரி ஆனது. அடைப்பு கெட்டுவிட்டதா?
– வாசகர், நாகர்கோவில்

கெடவில்லை. நிஜமாகவே கரண்ட்தான் அடித்தது. அலுமினியம் ஓர் உலோகம், அமால்கம் வேறு உலோகம், நடுவில் உப்புத்தன்மையுள்ள எச்சில். பேட்டரிக்கு வேறென்ன வேண்டும்? புதிதாக வைத்த அமால்கம் பக்கத்துத் தங்கக் கேப்போடு உரசினாலும் இப்படி ஆகும், சில வாரங்களில் அடங்கும். உலோகம் சூட்டையும் குளிரையும் சட்டென்று கடத்துவதால் புதிதில் ஐஸ் வாட்டர் கூசுவதும் உண்டு. காகிதம் இல்லாமலே தினமும் சுரீர் என்றால் மட்டும் காட்டுங்கள்.

எனக்கு 61 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய உலோக அடைப்பு இருக்கிறது. அதையொட்டிக் கன்னத்தின் உள்பக்கம் வலைபின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள். காரம் பட்டால் எரிகிறது. வெற்றிலை போடும் பழக்கம் உண்டு, புகையிலையை விட்டுவிட்டேன்.
– வாசகர், தூத்துக்குடி

இந்த இதழ் கைக்கு வந்த வாரத்திலேயே ஒரு பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். முடிந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே போங்கள், அங்கே வாய்நோய்ப் பிரிவு தனியாக இருக்கும்.

உலோகத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் இப்படி வெள்ளைப் பின்னல் வந்தால், அது அமால்கம் ஒத்துக்கொள்ளாததால் வருவதாக இருக்கலாம். அப்படியானால் அடைப்பை மாற்றிய சில மாதங்களில் பலருக்குக் கோடுகள் மறைந்துவிடும், எரிச்சலும் போய்விடும். முதல் கடிதத்தில் எடுக்காதீர்கள் என்று கத்தியவள் இங்கே எடுக்கச் சொல்வேன். ஆனால் எடுப்பதற்கு முன்னால், சின்னத் துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பாக்கும் புகையிலையும் பட்ட கன்னத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும், அது என்ன என்று தெரியாமல் நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இரண்டு கன்னத்திலும் இருக்கிறதா, நாக்கிலும் உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் இருந்தால் அடைப்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

இதையே வேறொன்றோடு குழப்பிக்கொண்டு பயந்து வருபவர்களும் உண்டு. அடைப்புக்குப் பக்கத்து ஈறில் பச்சை குத்தியதுபோல் நீலக்கறுப்புப் புள்ளி. அமால்கத் தூள் ஈறுக்குள் போய்ப் படிந்தது அது. ஒன்றும் செய்யாது. புள்ளி பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் எக்ஸ்ரே, தேவையென்றால் பரிசோதனை.

என் எட்டு வயதுப் பையனுக்குக் கடைவாய்ப் பல்லில் வெள்ளை அடைப்பு வைத்தோம், விழுந்துவிட்டது. மறுபடி வைத்ததும் விழுந்தது. என் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் வைத்த உலோக அடைப்பு இன்னும் அசையவில்லை. ‘அதையே வையுங்கள்’ என்று கேட்டால், டாக்டர் முடியாது என்கிறார். நல்லதை விட்டுவிட்டு மட்டமானதை ஏன் வைக்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. எச்சில் ஊறும் வாயில், அசையும் குழந்தையிடம், அவசரத்தில் வைத்தாலும் நின்றது அமால்கம். வெள்ளை காம்போசிட் அப்படியல்ல. பல்லை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, காயவைத்து, பசை தடவி, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்க வேண்டும். நடுவில் ஒரு துளி எச்சில் பட்டால் ஒட்டு போச்சு. கெட்டியாகும்போது சுருங்கவும் செய்யும், சுருங்கிய ஓரத்தில் புதுச் சொத்தை நுழையும். மேலே சொன்ன லிஸ்பன் குழந்தைகளிலேயே, ஐந்து வருடத்துக்குப் பிறகு மறு வேலை தேவைப்பட்டது காம்போசிட் வைத்தவர்களுக்குத்தான் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம்.

ஆனால் அப்பாவின் பல்லை இன்னொரு கண்ணால் பாருங்கள். அமால்கம் பல்லோடு ஒட்டாது. விழாமல் இருக்க, குடம் மாதிரி வாய் குறுகி அடி அகன்ற குழியாகக் குடைய வேண்டும். சொத்தை கடுகளவு என்றாலும் குழி பெரிதாகத்தான் வரும். சுற்றியுள்ள சுவர் மெலிந்து, நாற்பது, ஐம்பது வயதில் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல்லின் ஒரு முனை ‘டக்’ என்று பிளந்துவிடும். அடைப்பு அப்படியே நிற்கும், பல் போயிருக்கும். என்னைக் கேட்டால், பாதரசத்தைவிடப் பெரிய குறை இதுதான். இதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

உங்கள் டாக்டர் மறுத்தது சரி. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் 2022இல் செய்த திருத்தப்படி, 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் அமால்கம் வைப்பது தவிர்க்கப்பட வேண்டும். இந்தியாவும் 2018இல் அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடு.

பையனுக்கு என்ன செய்யலாம்? மூன்று கேள்வி கேளுங்கள். விழுந்தது பால் பல்லா, நிரந்தரப் பல்லா? பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டு எச்சிலைத் தடுத்துத்தான் வைத்தார்களா? சொத்தை இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கிறதா? பால் பல்லில் நடுவே பெரிய சொத்தை என்றால் எந்த அடைப்பும் தங்காது, எவர்சில்வர் கேப் போட்டுவிடுவதே மேல். பார்க்க அழகில்லை, பல் விழும்வரை நிற்கும். நிரந்தரப் பல் என்றால் ரப்பர் விரிப்போடு ஒருமுறை ஒழுங்காக வையுங்கள். விரிப்பு போடச் சொன்னால் முகம் சுளிக்கும் கிளினிக்கில் வைக்காதீர்கள். ராத்திரி பாலும் பிஸ்கட்டும் சாப்பிட்டுத் துலக்காமல் படுத்தால், தங்கம் வைத்து அடைத்தாலும் விழும்.

பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உலகமே கைவிடும் அமால்கத்தில் எங்களுக்கு எதற்குப் பயிற்சி?
– மாணவி, சிதம்பரம்

நான் மெட்ராஸில் படித்தபோது கல்வத்தில் இடித்து, துணியில் பிழிந்து, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தோம். பாதரச மணிகள் தரை இடுக்கில் ஓடும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜன்னலைத் திறந்துவைத்த பேராசிரியர்களைக் கிண்டல் செய்திருக்கிறோம். மேலே உள்ள நான்கு பல் அம்மாவைவிட, நாளெல்லாம் அதையே மூச்சில் இழுத்த நாங்களும் நாற்காலி அருகே நின்ற உதவியாளர்களும்தான் கூடுதலாக வாங்கியிருப்போம்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1833இல் கிராக்கோர் என்ற சகோதரர்கள் நியூயார்க்கில் வெள்ளியும் பாதரசமும் கலந்த அடைப்பை விளம்பரப்படுத்தி விற்றார்கள். தங்கம் வைத்து அடைத்த பல் மருத்துவர்களுக்கு ஆத்திரம். அமால்கம் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்றது அங்கிருந்த சங்கம். உறுப்பினர்கள் பலர் போடவில்லை, 1856இல் சங்கம்தான் கலைந்தது. விஷம் பற்றிய கவலையும் வயிற்றெரிச்சலும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று நீயே யோசித்துக்கொள்.

இந்த முறை முடிவு வேறு மாதிரி. நார்வே 2008இல் நிறுத்தியது, ஸ்வீடன் 2009இல். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்கமுடியாத மருத்துவத் தேவை தவிர, அமால்கத்தைத் தடைசெய்துவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2034க்குள் முழுக்க ஒழிப்பதாக ஒப்புக்கொண்டன. காரணம் நோயாளியின் வாய் மட்டுமல்ல. நாம் உறிஞ்சித் துப்பும் தூள் சாக்கடைக்குப் போகிறது, எரிக்கும் பிணத்தின் பல்லிலிருந்து ஆவி காற்றுக்குப் போகிறது. தண்ணீருக்குப் போன பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக்கும், மீன் வழியாக அது நம் தட்டுக்குத் திரும்பும். ஜப்பானின் மினமாட்டாவில் ஜனங்களை முடக்கியது தொழிற்சாலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம். நமக்கு ஜப்பான்வரை போக வேண்டியதில்லை, கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவால் 2001இல் மூடப்பட்ட கதையை உன் அம்மாவிடம் கேள்.

பயிற்சி எதற்கு என்றால், இன்னும் பல வருடங்களுக்கு உன் நாற்காலியில் உட்காரப்போகும் வாய்களில் அமால்கம் இருக்கும். பிளந்ததை எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது என்று தெரிய வேண்டும்: நிறையத் தண்ணீர், பலமான சக்‌ஷன், ரப்பர் விரிப்பு, பொடிப்பொடியாக அரைக்காமல் துண்டாக வெட்டி எடுப்பது. மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடு. அமால்கம் உள்ள பிடுங்கிய பல்லை எரிக்கப் போகும் மஞ்சள் பையில் போட்டுவிடாதே, கிருமி நீக்க நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவிலும் வைக்காதே. இந்த ஒன்றை நிறையக் கல்லூரிகளில் சொல்லித்தருவதே இல்லை.

உலோக அடைப்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி

எடுக்கலாம். அமால்கத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பக்கத்தைப் படமெடுத்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், அதனால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொரிகடலை தின்றபோது அடைப்பில் ஒரு துண்டு உடைந்து வயிற்றுக்குள் போய்விட்டது. பாதரசம் ஏறிவிடுமா?
– வாசகி, விருத்தாசலம்

ஏறாது. விழுங்கிய அமால்கத்தைக் குடல் ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளிவிடும். வாழைப்பழம், விளக்கெண்ணெய் எதுவும் தேவையில்லை. விழுங்கும்போது புரையேறி இருமல் நிற்கவில்லை என்றால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், துண்டு மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அது இல்லையென்றால் பல்லைக் கவனியுங்கள். துண்டு போன குழியில் சோறு தேங்கும், ஓரம் கூர்மையாக இருந்தால் நாக்கைக் கிழிக்கும். இந்த வாரமே அடைத்துவிடுங்கள், அதுவரை மறுபக்கமாக மெல்லுங்கள்.